பதினோரு தாள்களின் பின்பக்கம்

புரோத்ராபூர்,
தெற்கு அந்தமான்.
14.12.2025, ஞாயிறு.

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் டிசம்பர் 1 அன்று கிடைத்தது. மொத்தமே இரண்டு வரி. "நீ என்ன உணர்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்தால்தான் என்னால் அடுத்ததை யோசிக்க முடியும்." வாசல்படியில் உட்கார்ந்து பதினான்கு தடவை படித்தேன். பதில் எழுத இன்றுதான் முடிந்தது. நடுவில் போன பதின்மூன்று நாளும் நான் கோபத்தில் இருந்ததாக நீ நினைத்திருக்கலாம். நீ கேட்டதற்கு விடை எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது, எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்குமோ என்று பதறிக்கொண்டு நீ படிக்கக் கூடாது. நான் உன்னை விட்டுப் போகவில்லை. போகிற எண்ணமும் இல்லை. இனி வருவதெல்லாம் விளக்கம்தான். முடிகிறபோது, முடிகிற அளவு படி.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.40க்கு உன் மெசேஜ் வந்தது. "அப்பத்தா இறந்துவிட்டார். மதியம் 3.15." நான் உடனே மூன்று கேள்வி கேட்டேன். மூச்சுத் திணறலா? கூட யார் இருந்தது? நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? நீ மூன்றுக்கும் வரிசையாகப் பதில் அனுப்பினாய். "ஆமாம். நான். 11 மணி." அதற்குப் பிறகு நவம்பர் 20 வரை உன்னிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை.

அம்மா பக்கத்திலிருந்து என் போனைப் பார்த்துவிட்டாள். "எழவு விழுந்த வீட்டுல இப்படியா விசாரணை பண்ணுவே? ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை உன் வாயில வராதா?" என்று கேட்டாள். அம்மாமேல் தப்பில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் "ஆழ்ந்த இரங்கல்" என்றுதான் எல்லோரும் அனுப்புகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லை அனுப்பக் கை வரவில்லை. முகம் தெரியாத ஆளுக்கும் அதையேதானே அனுப்புகிறோம்? உன் அப்பத்தாவுக்கும் அதே சொல்லா?

கேட்ட மூன்று கேள்விக்கும் காரணம் இருந்தது. மூச்சுத் திணறலா என்று கேட்டது, அவர் கஷ்டப்பட்டாரா என்று தெரிந்துகொள்ள. கூட யார் என்று கேட்டது, நீ அந்த நேரத்தில் தனியாக இருந்தாயா என்று தெரிந்துகொள்ள. மூன்றாவது கேள்விக்கான காரணத்தை உன்னிடம் இதுவரை சொல்லவே இல்லை. நவம்பர் 10 காலை 11 மணிக்குக் கடையில் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். முதலாளியிடம் தலைவலி என்றேன். பின்கட்டுப் படியில் மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். சிவகாசி இங்கிருந்து மேற்கேதான் இருக்கிறது. 12 மணி வரை போனைத் தொடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீ மயானத்தில் நின்ற அந்த ஒரு மணி நேரம் நானும் உன்னோடு நின்றேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். "சொல்லாமலே புரிஞ்சுக்கணும்" என்று மற்றவர்கள் நம்மிடம் எதிர்பார்த்தால் எவ்வளவு வலிக்கும் என்று அறிந்த நானே, உன்னிடம் அதையே எதிர்பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நமக்குள் எதுவும் தானாகப் புரிந்துவிடாது. வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லித் தெரிந்துகொள்கிற அன்பு, குறைந்த அன்பு ஆகிவிடாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பதினோரு நாளும் நான் என்ன உணர்ந்தேன்?

போன டிசம்பரில் உன் அச்சகத்திலிருந்து ஒரு தினசரி காலண்டர் அனுப்பினாயே, பின்பக்கம் ஒன்றும் அடிக்காத வெற்றுத்தாளாக எனக்கென்று எடுத்து வைத்தது. அதைத் தினமும் காலையில் கிழித்து, இரவில் பின்பக்கம் மூன்று வரி எழுதுகிறேன். உடம்பு என்ன சொல்கிறது, என்ன நடந்தது, என்ன வேண்டும். நாம் இருவரும் சேர்ந்து போட்ட முறைதான் இது. நவம்பர் தாள்களை இப்போது எதிரில் பரப்பி வைத்திருக்கிறேன். நாலை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 9. உடம்பு: இரண்டு கையும் சில்லிட்டிருக்கிறது. நடந்தது: அப்பத்தா. வேண்டியது: அவன் சாப்பிட்டானா என்று தெரிய வேண்டும்.

நவம்பர் 12. உடம்பு: தாடை வலி, தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கிறேன். நடந்தது: ஒன்றுமில்லை. வேண்டியது: தெரியவில்லை.

நவம்பர் 15. உடம்பு: சோறு மணல் மாதிரி இருக்கிறது. நடந்தது: 31ஆவது மெசேஜ் அனுப்பினேன். வேண்டியது: அவன் உயிரோடு இருக்கிறானா?

நவம்பர் 18. உடம்பு: காது. தகரத்தில் விழும் மழைச் சத்தம் தாங்கவில்லை. நடந்தது: மழை. வேண்டியது: என்னைப் பிடிக்கவில்லை என்றாவது சொல்லட்டும்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். இந்தத் தீவில் வருஷத்தில் பாதிக்கும் மேலே மழைதான். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். அதையே தாங்க முடியாமல் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தேன் என்றால், அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நீயே கணக்குப் பார்.

இவ்வளவு எழுதி வைத்திருந்தும் அதற்குப் பெயர் மட்டும் அகப்படவில்லை. கவலையா, கோபமா, பயமா? உடம்பு சொன்னது எல்லாம் தாளில் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. எனக்கு எப்போதுமே இப்படித்தான். 2004 டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியபோது எனக்குப் பத்து வயது. சிப்பிகாட்டில் மாமாவின் வயலுக்குள் கடல் ஏறியது. ஏறிய தண்ணீர் திரும்பவும் இல்லை. தெற்கு அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனதால் அந்த வயல்கள் உப்புத் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிட்டன. வீட்டில் எல்லோரும் கதறினார்கள். நான் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "பிள்ளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லை" என்று ஒரு அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாலாம் நாள் காரணமே இல்லாமல் வாந்தி எடுத்தேன். பிறகு ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. அது பயம் என்று எனக்குத் தெரிந்தது எத்தனையோ வருஷம் கழித்து.

இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் வைத்த பெயர். நம்மைப் போல ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருப்பதாக 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். உணர்ச்சி இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உணர்ச்சி உடம்புக்கு வந்துவிடும், சொல் பின்னால்தான் வரும். உன் தொழிலை வைத்துச் சொன்னால் உனக்கு உடனே விளங்கும். நாலு கலரும் தனித்தனி பிளேட்டில் அடித்து ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும், ஒரு நூல் விலகினாலும் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும் என்பாயே. எனக்கு உடம்பு ஒரு பிளேட், நடந்தது ஒரு பிளேட், பெயர் ஒரு பிளேட். முதல் இரண்டும் அன்றைக்கே விழுந்துவிட்டன. மூன்றாவது விழ ஒரு மாதம் ஆகிவிட்டது.

அந்த மூன்றாவதைக் கொடுத்தது நீ போன வருஷம் அனுப்பிய தொல்காப்பியப் பொருளதிகாரம்தான். அதில் மெய்ப்பாட்டியலைத் திறந்தேன். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கிற இடம் நாலு. ஆக முப்பத்திரண்டு. உணர்ச்சியை உடம்பிலிருந்து தொடங்கி, பிறகு காரணத்துக்குப் போகிற ஒரு பட்டியல், அதுவும் நம் மொழியில், எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது! பள்ளியில் இதை மனப்பாடப் பகுதியாக அல்லாமல் உபயோகப்படும் பொருளாகக் கொடுத்திருந்தால் நான் எவ்வளவோ தப்பித்திருப்பேன்.

அழுகைக்கு நாலு காரணம் அதில் இருக்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் இகழ்வதால் வருவது. இழவு என்றால் உயிரையோ பொருளையோ பறிகொடுப்பது. வறுமை தெரிந்ததே. அசைவு என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். பழைய நிலை கெட்டு, வேறு நிலைக்குத் தள்ளப்பட்டு வருந்துவது என்று உரைக்காரர்கள் விளக்குகிறார்கள். தினமும் இரவு 8 மணிக்கு உன் மெசேஜ் வரும் என்பது என் நாளுக்குப் போட்ட தூண். அதை யாரோ கேட்காமல் பிடுங்கிவிட்டார்கள். நான் உன்னை இழக்கவில்லை, நீ என்னை இகழவும் இல்லை. நான் நின்ற இடம்தான் நகர்ந்துவிட்டது. நான் உணர்ந்தது அசைவு. நீ கேட்டாயே, இதுதான் விடை.

விடை கிடைத்தபிறகு உன்னைப் பற்றியும் அதே பட்டியலில் தேடினேன். நவம்பர் 20 அன்று நீ அனுப்பியதை மறுபடி படித்தேன். "வீட்டில் நாற்பது பேர். சங்கு. ஊதுபத்தி. வந்தவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நான் அழவில்லை. சித்தப்பா என்னைக் கல்லு என்றார். அதற்கப்புறம் என்னால் எதையும் டைப் பண்ண முடியவில்லை." முதல் தடவை படித்தபோது என் பதினோரு நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உன் வரிகளை ஒழுங்காகப் படிக்கவில்லை. இப்போது படித்தால் தெரிகிறது. உனக்கு ஒரே நாளில் இரண்டு விழுந்திருக்கின்றன. அப்பத்தா போனது இழவு. அழாததற்காக நாற்பது பேர் முன்னால் கல் என்று சொல்லப்பட்டது இளிவு. இரண்டையும் ஒன்றாகச் சுமந்தவனிடம் நான் 46 மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். அதில் 38 கேள்விக்குறியோடு முடிகிறது. எண்ணிப் பார்த்தேன். மன்னித்துக்கொள்.

நீ கல் இல்லை. கடைசி மூச்சு வரை அப்பத்தாவோடு இருந்தது நீ. அதை அவர் அறிவார்.

நாம் இருவரும் ஒரே மாதிரி, அதனால் நமக்குள் சிக்கல் வராது என்று ஆரம்பத்தில் நம்பினோம், ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூலையில் சென்னையில் நாம் முதலில் பார்த்துக்கொண்ட அந்தச் சந்திப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுத்த சத்தம் பொறுக்காமல் நான் மாடிப்படிக்கு ஓடி வந்தால், அங்கே நீ ஏற்கெனவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "பேச வேண்டியதில்லை" என்றாய். என்னிடம் ஒருவர் அதுவரை சொன்னதிலேயே நல்ல வாக்கியம் அது. அதற்குப் பிறகு நேரில் பார்த்தது எல்லாம் சேர்த்தே 19 நாள். மிச்சமெல்லாம் எழுத்து. தூரம் நமக்குக் கஷ்டம் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தில் கண்ணைப் பார்க்க வேண்டாம், முகத்தைச் சரிசெய்ய வேண்டாம், பதிலை மூன்று தடவை திருத்தி அனுப்பலாம். மையின் வாசம் பற்றி நீ நாலு பக்கம் எழுதியதை நேரில் என்றால் யார் குறுக்கிடாமல் கேட்டிருப்பார்கள்?

நம் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியாது என்றே பல காலம் சொல்லி வந்தார்கள். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். நமக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றால், மற்றவர்களுக்கும் நம்மைப் புரியவில்லை. 2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஸ்காட்லாந்தில் செய்த சோதனையை நீதான் எனக்குச் சொன்னாய். எட்டு எட்டுப் பேராக வரிசையில் வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சமமாக. இரண்டு வகையினரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. அதைப் படித்த அன்று நாம் இருவரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்!

ஆனால் அந்த வரிசையில் போனது கதை. துக்கத்தையும் பயத்தையும் அங்கே யாரும் யாருக்கும் கடத்தவில்லை. அமெரிக்காவில் ஜெர்ரி நியூபோர்ட், மேரி என்று ஒரு தம்பதி. இருவருக்குமே ஆட்டிசம். 1994இல் கல்யாணம், 1999இல் விவாகரத்து, 2002இல் மறுபடியும் ஒருவரையே ஒருவர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் கதையை ஒட்டி ஒரு சினிமாவும் வந்தது. ஒரே மாதிரி இரண்டு பேர் சேர்ந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்றிருந்தால் நடுவில் அந்தப் பிரிவு எதற்கு? தமிழில் நமக்கு இந்த விஷயத்தில் வழிகாட்ட ஆளில்லை. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் – சில புரிதல்கள்' புத்தகத்தை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். படித்தபிறகு அம்மா என்னைப் பார்க்கிற விதம் மாறியது. ஆனால் நான் படித்தவரையில் தமிழில் எழுதப்பட்டதெல்லாம் பிள்ளைகளைப் பற்றியும் அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியும்தான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, காதலித்து, இரவு 8 மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நமக்குள் வேறுபாடு எங்கே என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. பாரம் அதிகமானால் உனக்கு மௌனம் வேண்டும். அது உனக்கு மருந்து. மௌனம் அதிகமானால் எனக்குப் பாரம் ஏறுகிறது. எனக்கு மருந்து சொல். உன் மருந்து எனக்கு விஷமாகவும், என் மருந்து உனக்கு விஷமாகவும் போய்விட்டது. நான் கேட்கக் கேட்க நீ உள்ளே போனாய், நீ உள்ளே போகப் போக நான் கேட்டேன். ஒரே வீட்டில் இருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்காது. நீ பேசாமல் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பது என் கண்ணுக்குத் தெரியும். சாப்பிட்ட தட்டு தெரியும். அங்கே மௌனத்துக்கு ஒரு உருவம் உண்டு. 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் மௌனம் வெறும் வெற்றிடம். அதில் நான் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிவிடுகிறேன். நிரப்புவதெல்லாம் மோசமானதாகவே இருக்கிறது.

இன்னொன்று. நம் இருவர் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டுகிறது, சூரியன் மட்டும் ஒன்றில்லை. சிவகாசிக்கும் இந்த ஊருக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 15 பாகை வித்தியாசம், அதாவது ஒரு மணி நேரம். இந்த டிசம்பரில் இங்கே 5 மணிக்கே பொழுது சாய்கிறது, உனக்கு 6 மணிக்கு. ஒருநாள் ஐந்தரை மணிக்கு வீடியோவில் பேசும்போது "ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய், மனசு சரியில்லையா?" என்று கேட்டாய். என் மனசு நன்றாகத்தான் இருந்தது. இங்கே இரவாகிவிட்டது, அவ்வளவுதான். உன் காலண்டர் தாளின் அடியில் அச்சடித்திருக்கிற சூரிய உதயமும் உன் ஊர்ச் சூரியனுக்குத்தான். அதைக் கிழிக்கும்போது என் வாசலில் வெயில் வந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அன்று நீ கேட்டாய், நான் சொன்னேன், முடிந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த இருட்டை நீ பல நாள் சுமந்திருப்பாய். என் மூன்று கேள்வி, உன் பதினோரு நாள் மௌனம் எல்லாமே அந்த இருட்டு மாதிரிதான். அதது அந்தந்த ஊருக்கு இயல்பு. பார்ப்பவருக்குத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் இந்தத் தீவுகளையும் இணைத்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டருக்குக் கடலடி கேபிள் திறந்தார்கள். அதற்கு முன்னால் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தோம். ஒரு போட்டோ வந்து சேர்வதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். அந்த கேபிள் இல்லையென்றால் உன் முகத்தை வீடியோவில் பார்த்திருக்கவே மாட்டேன். இப்போது சிவகாசியிலிருந்து என் கைக்கு ஒரு சொல் வர ஒரு நொடிகூட ஆவதில்லை. என் உடம்பிலிருந்து என் வாய்க்கு வரத்தான் ஒரு மாதம் ஆகிறது. அந்தத் தூரத்துக்கு யாரும் கேபிள் போட்டுத் தர மாட்டார்கள். நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் இருக்கிறது. 71 அரசவைக்கு, 110 காதலுக்கு. குறிப்பறியத் தெரியாதவர்கள் காதலிக்கவே லாயக்கில்லை என்று சின்ன வயதில் அந்த அதிகாரத்தைப் படித்து நான் பயந்ததுண்டு. இன்று பயமில்லை. கண்ணால் சொல்வதைக் கண்ணால் படிப்பவர்கள் படிக்கட்டும். நாம் எழுத்தால் சொல்லி எழுத்தால் படிப்போம்.

அதனால் உன்னிடம் மூன்று கேட்கிறேன்.

முதலாவது, புள்ளி. பேச முடியாத நாளில் இரவு 8 மணிக்கு ஒரே ஒரு புள்ளி அனுப்பு. "உயிரோடு இருக்கிறேன், உன்மேல் கோபமில்லை, இப்போது பேச முடியாது" என்று அதற்குப் பொருள். வேறு பொருள் எதையும் நான் அதில் ஏற்ற மாட்டேன். பதிலுக்கு நானும் ஒரு புள்ளி அனுப்புவேன். கேள்வி கேட்க மாட்டேன். எத்தனை நாள் புள்ளி வந்தாலும் சரி, முப்பது நாள் வந்தாலும் நான் காத்திருப்பேன். மௌனத்தை என்னால் தாங்க முடியும், அது மௌனம்தான் என்று தெரிந்தால்.

இரண்டாவது, துக்கத்தைச் சொல்லும்போது என்னிடமிருந்து என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். கேள்வி வேண்டுமா, வழி வேண்டுமா, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? மூன்றில் ஒரு சொல் போதும். எதுவும் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்று சொல். அதுவும் எனக்குப் பதில்தான்.

மூன்றாவது, நான் கேட்கிற கேள்வியை வைத்து என்னை அளக்காதே. சந்தேகம் வந்தால் "இதை ஏன் கேட்கிறாய்?" என்று கேள். காரணம் இல்லாமல் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

என் பக்கம் நான் செய்யப்போவது இது. ஒரு நாளைக்கு ஒரு மெசேஜுக்கு மேல் அனுப்ப மாட்டேன், நீ பதில் சொல்லும்வரை. உனக்காக ஏதாவது செய்தால், செய்தேன் என்று சொல்லிவிடுவேன். படியில் உட்கார்ந்தது மாதிரி ஒளித்து வைக்க மாட்டேன். பெயர் தெரியாத உணர்ச்சி வரும்போது "பெயர் இன்னும் வரவில்லை, உடம்பு இப்படி இருக்கிறது" என்று அன்றைக்கே எழுதிவிடுவேன்.

அதன்படியே சொல்கிறேன். உன் அச்சகத்தில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டதிலிருந்து உனக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் மழையா என்று தினமும் காலையில் பார்க்கிறேன், ஈரக்காற்றில் தாள் வளைந்துகொடுத்தால் உனக்குத் தலைவலி வரும் என்பதால். அம்மா பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்கு வரச் சொன்னபோது, மேளச் சத்தத்துக்குப் பயந்து வாசலிலேயே நின்று உனக்கும் சேர்த்து விபூதி வாங்கி வந்தேன். அது பொட்டலமாக என் மேசையில் இருக்கிறது. மற்றவர்கள் மூன்று ஆங்கிலச் சொல்லில் சொல்வதை நான் இப்படித்தான் சொல்லுவேன். இதைப் படித்ததும் உனக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதால் நேராகவும் எழுதுகிறேன். நான் உன்னை நேசிக்கிறேன்.

ஜனவரி கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தாய். அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் கடிதமும் வேண்டாம். இது கிடைத்த அன்று இரவு 8 மணிக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
உன்னுடையவள்.

பி.கு: நவம்பர் 9 முதல் 19 வரை பதினோரு தாள்களையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தேதி வரிசையில் இருக்கின்றன. அவை உனக்குத்தான், திருப்பி அனுப்ப வேண்டாம்.